செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்: ஒவ்வொரு ஹோலையும் எப்படி ஆடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்களில் கோல்ஃப் ஆடுகிற எவரும் ஓல்ட் கோர்ஸை விட்டுவிட்டு வருவதில்லை. போவதற்கு முன்னால் கேட்கிற கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றேதான். பதில்கள் சராசரி ஆட்டக்காரருக்காக எழுதப்பட்டவை. 300 யார்டு டிரைவ் (முதல் நீள அடி) அடிக்கிறவர்களுக்கு இங்கே வேறு கணக்கு.

டிவியில் பார்த்தால் வெறும் பொட்டல் மாதிரி இருக்கிறதே, இதில் திட்டம் போட என்ன இருக்கிறது?

முதல் தடவை பார்க்கிற பலருக்கும் அப்படித்தான் தோன்றும். மரம் கிடையாது, குளம் கிடையாது, ஃபேர்வே (ஒட்ட வெட்டிய புல் பாதை) எங்கே முடிகிறது என்பதே புரியாது. ஆனால் உள்ளே 112 பங்கர்கள் (மணல் குழிகள்) இருக்கின்றன. அவற்றில் பல நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து கண்ணில் படாது. தரை முழுக்க மேடும் பள்ளமும். பந்து விழுகிற இடம் ஒன்று, நிற்கிற இடம் வேறொன்று.

இடம் தாராளமாக இருப்பதால் பந்தைத் தொலைப்பது கஷ்டம், குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோவது அதைவிடக் கஷ்டம். இங்கே நடந்த 2022 ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன்) போட்டியின் கடைசி நாளில் ரோரி மெக்கில்ராய் 18 கிரீன்களிலும் (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரை) ஒழுங்காக ஏறினார். ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு பட் (கிரீனில் உருட்டும் அடி), மொத்தம் 36. அடித்த ஸ்கோர் 70, கிடைத்தது மூன்றாம் இடம். அதே நாளில் கேமரன் ஸ்மித் 10 முதல் 14 வரை வரிசையாக ஐந்து பேர்டி (நிர்ணயித்ததைவிட ஒரு அடி குறைவு) போட்டு, 64 அடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். கிரீனில் ஏறினால் மட்டும் இங்கே போதாது. எந்தப் பக்கத்திலிருந்து ஏறினோம், கிரீனின் எந்த மூலையில் நின்றோம் என்பதில்தான் ஸ்கோர் இருக்கிறது.

ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்யச் சொன்னால் எது?

சந்தேகம் வந்தால் இடது. கோர்ஸ் ஊரிலிருந்து கிளம்பி ஈடன் முகத்துவாரம் வரை போய், கொக்கி போல வளைந்து திரும்புகிறது. போகும்போது வலப்பக்கம் முள்புதர். வரும்போது வலப்பக்கம் சுவர், வேலி, ஹோட்டல், தெரு. இரண்டு திசையிலும் இடப்பக்கம் இருப்பது எதிரே வருகிறவர்களின் ஃபேர்வே. அங்கே விழுந்தால் யாரும் திட்டமாட்டார்கள், கை காட்டிவிட்டு அடிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல். பல ஹோல்களில் கிரீனுக்கு நல்ல கோணம் வலப்பக்கத்திலிருந்துதான் கிடைக்கும். இடது என்பது பத்திரமான வழி, வலது என்பது லாபமான வழி. ஒவ்வொரு டீயிலும் (ஹோலின் முதல் அடி அடிக்கிற இடம்) இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே ஆட்டம். என்னைக் கேட்டால், முதல் முறை போகிறவர் 18 ஹோல்களில் பன்னிரண்டிலாவது இடப்பக்கமே போகட்டும்.

எனக்கு ஸ்லைஸ் விழும் (பந்து வளைந்து ஒதுங்கும்). கதை முடிந்ததா?

வலக்கைக்காரர் என்றால் ஸ்லைஸ் வலப்பக்கம் போகும், அதாவது எல்லா ஆபத்தும் இருக்கிற பக்கம். டீயில் நன்றாக இடப்பக்கம் பார்த்து நில்லுங்கள், வளைந்து நடுவுக்கு வரட்டும். 14, 16, 17, 18 நான்கிலும் வலப்பக்கம் எல்லைக்கு வெளியே, ஆகவே அங்கெல்லாம் டிரைவர் மட்டையைப் பையிலேயே வைத்திருப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

முதல் டீயில் கை நடுங்குமாமே?

நடுங்கத்தான் செய்யும். பின்னால் கிளப் கட்டடம், பக்கத்தில் வேடிக்கை பார்க்கிற சுற்றுலாக் கூட்டம். முதல் ஹோலும் கடைசி ஹோலும் ஒரே ஃபேர்வேயைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, உலகத்திலேயே இதைவிட அகலமான ஃபேர்வே கிடைப்பது அரிது. பங்கர் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும் 1991 ஓப்பன் சாம்பியனான இயன் பேக்கர்-ஃபின்ச் 1995இல் இந்த டீயிலிருந்து அடித்த பந்து, இரண்டு ஹோலின் அகலத்தையும் தாண்டி இடப்பக்க எல்லைக்கு வெளியே போனது. ஆக, பதற்றம் எல்லோருக்கும் பொது.

376 யார்டு பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டியது). நடு அயர்னோ ஹைபிரிடோ (நடுத்தரத் தூரத்துக்கான மட்டைகள்) போதும். கிரீனின் வாசலையொட்டி ஸ்வில்கன் ஓடை ஓடுகிறது, விஷயமெல்லாம் இரண்டாவது அடியில்தான். கொடி முன்னால் இருந்தால் ஆசை காட்டும். மசியாதீர்கள். ஒரு கிளப் கூடுதலாக (இன்னும் தூரம் போகிற மட்டையை) எடுத்து, கொடியைத் தாண்டிப் போட்டு, திரும்பி பட் செய்யுங்கள்.

2 முதல் 6 வரை எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியது ஒரு விஷயம்தான்.

2வது ஹோலில் இடப்பக்கம் சீப்ஸ் பங்கர். பந்து அதற்கு வலப்பக்கம் விழ வேண்டும். கிரீனின் இடது பாதிக்கு முன்னால் மேடுகள் என்பதால், கொடி இடப்பக்கம் இருந்தால் வலப்பக்க ஃபேர்வேயிலிருந்து வருவதே உத்தமம்.

3வது குட்டையான பார் 4. கிரீனின் முன்-இடது பக்கத்தைக் கார்ட்கேட் பங்கர் பெரிதாக அடைத்துக்கொண்டிருக்கிறது. டீயில் இடப்பக்கம் போனால் அந்தப் பங்கருக்கு மேலே தூக்கிப் போட வேண்டிவரும், வலப்பக்கம் போனால் வழியில் சின்னச் சின்னப் பங்கர்கள். எட்டு, ஒன்பது அயர்னில் பந்தை உயரமாக நிறுத்தத் தெரிந்தவர் இடது போகலாம்.

4வது ஹோலின் பெயர் ஜிஞ்சர் பியர். அந்தக் காலத்தில் இங்கே ஒருவர் வண்டி போட்டு இஞ்சிப் பானம் விற்றிருக்கிறார். வலப்பக்கம் குறுகலான பள்ளத்தாக்கு, இடப்பக்கம் அகலம். கிரீனுக்கு முன்னால் ஒரு மேடு நடுவில் நிற்கிறது, உருட்டிவிட்ட பந்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று யாரும் சொல்ல முடியாது.

5வது பார் 5. வலப்பக்கம் ஏழு பங்கர்கள் கொத்தாக இருக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு இடது. கிரீனுக்கு முன்னால் ஆழமான பள்ளம். இரண்டு அடியில் எட்டுமா என்று யோசிப்பவருக்கு எட்டாது. பள்ளத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு மூன்றாவதை நிதானமாக அடியுங்கள்.

6வது டீயிலிருந்து ஒன்றும் தெரியாது, முன்னால் புதர் மட்டும். கேடி (பையைச் சுமந்து ஆலோசனை சொல்கிறவர்) காட்டுகிற இடத்தைப் பார்த்து அடிப்பதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

கிரீனில் இரண்டு கொடி இருக்கிறதே, என்னுடையது எது?

18 ஹோல்களில் 14 ஹோல்கள் கிரீனைப் பகிர்ந்துகொள்கின்றன, மொத்தம் ஏழு இரட்டைக் கிரீன்கள். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும்: 2-16, 3-15, 4-14, 5-13, 6-12, 7-11, 8-10. போகும் வழியில் வெள்ளைக் கொடி, திரும்பும் வழியில் சிவப்பு என்பது மரபு. தவறான பாதிக்குப் பந்தைப் போட்டுவிட்டால் பட்டே 50, 60 யார்டு நீளும். 5-13 கிரீனில் இது சாதாரணம். நம் ஊரில் யாரும் இப்படிப் பயிற்சி செய்திருக்கமாட்டார்கள், எனவே போய் இறங்கியதும் பயிற்சி கிரீனில் நீளப் பட்டை மட்டும் அரை மணி நேரம் அடித்துப் பாருங்கள். சின்னப் பட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

7 முதல் 12 வரை "லூப்" என்கிறார்களே, அங்கேதான் ஸ்கோர் சேர்க்க வேண்டுமா?

ஆமாம், காற்று விட்டால். இங்கேதான் கோர்ஸ் வளைந்து திரும்புகிறது. இரண்டு பார் 3களும் இதற்குள்தான், மற்றவை குட்டையான பார் 4கள்.

7வது டீ ஷாட் மேட்டுக்கு மேலே, குருட்டு அடி. கிரீனுக்கு முன்னால் ஷெல் பங்கர் அகலமாக வாயைத் திறந்திருக்கிறது, தாண்டித்தான் போட வேண்டும். 11வது ஹோலும் இதுவும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அடிப்பதற்கு முன் எதிரே யார் வருகிறார்கள் என்று பாருங்கள். 8வது பார் 3இல் முன்னால் இருக்கிற பங்கர் கொடியின் அடியை மறைத்துக் கண்ணை ஏமாற்றும், ஒரு கிளப் அதிகம். 9, 10 இரண்டும் தட்டை. 9இல் ஃபேர்வே நடுவில் இருக்கிற பங்கர்களைத் தவிர்த்தால் பார் கைக்குள்.

12வது பார்த்தால் எளிது, 348 யார்டுதான். டீயிலிருந்து பங்கர் எதுவுமே தெரியாது. ஆனால் ஃபேர்வே நடுவில் வரிசையாக ஒளிந்திருக்கின்றன, கிரீன் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தால்தான் எண்ணலாம். பழைய காலத்தில் இந்தக் கோர்ஸை எதிர்த்திசையிலும் ஆடினார்கள், அப்போது இவை எதிரே தெரிந்த பங்கர்கள். போதாக்குறைக்குக் கிரீனில் குறுகலான ஒரு மேடைதான் கொடிக்கு இடம். பங்கர்களைத் தாண்ட முடியாவிட்டால் முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

11வது ஹோலைப் பற்றி ஏன் இவ்வளவு பயம்?

174 யார்டு பார் 3. முன்-வலப்பக்கத்தில் ஸ்ட்ராத், இடப்பக்கத்தில் ஹில் என இரண்டு பங்கர். கிரீன் பின்னாலிருந்து முன்னால் சரிகிற சரிவு, பின்னால் போனால் முகத்துவாரத்தை நோக்கிய இறக்கம். பின்னாலிருந்து பட் செய்தால் காற்று அடிக்கிற நாளில் பந்து நிற்காது.

1921 ஓப்பனில் 19 வயது பாபி ஜோன்ஸ் மூன்றாவது சுற்றில் இந்த ஹில் பங்கரில் மாட்டி, வெளியே வர முடியாமல், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியை விட்டார். அதே ஜோன்ஸ் 1927இல் இங்கே ஓப்பனை வென்றார், 1930இல் இங்கேயே பிரிட்டிஷ் அமெச்சூரும் வென்றார். பின்னால் ஊரார் பக்கத்து 10வது ஹோலுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

ஆட வேண்டிய முறை: கொடி எங்கே இருந்தாலும் கிரீனின் முன் பாதி, இரண்டு பங்கருக்கும் நடுவே. சற்றுக் குறைந்து வாசலில் நின்றால்கூட மேலேற்றப் பட்டர் (பந்தை உருட்டுகிற மட்டை) இருக்கிறது.

பங்கரில் விழுந்தால் எப்படி வெளியே வருவது?

கொடியை நோக்கி வர வேண்டும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். இங்கே பங்கரின் முகப்பு புல்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய செங்குத்துச் சுவர். பந்து அந்தச் சுவருக்கு ஒரு முழம் பக்கத்தில் கிடந்தால் எந்த வெட்ஜும் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) தூக்காது. பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ ஒரே அடியில் வெளியே வந்துவிடுங்கள். 1995இல் ஜாக் நிக்லஸ், இங்கேயே இரண்டு ஓப்பன் வென்றவர், 14வது ஹோலின் ஹெல் பங்கரிலிருந்து வெளிவர நான்கு அடி எடுத்துக்கொண்டு, அந்த ஹோலில் 10 போட்டார். டைகர் உட்ஸ் 2000 ஓப்பனில் நான்கு நாளும், 72 ஹோலிலும், ஒரு பங்கரில்கூட விழவில்லை. எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். இதைவிடத் தெளிவாக இந்தக் கோர்ஸைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது.

13, 14, 15, 16: எதில் ஜாக்கிரதை?

14இல். மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13இல் காஃபின்ஸ் என்கிற சவப்பெட்டிப் பங்கர்கள் ஃபேர்வேயில் காத்திருக்கின்றன. இரண்டாவது அடியை முழுத் தூரமும் பறக்கவிடுங்கள், முன்னால் தரை கரடுமுரடு. 15இல் தூரத்தில் தெரிகிற தேவாலயக் கோபுரம்தான் குறி. நடுவில் காட்டேஜ் பங்கர் இருக்கிறது, தூரத்தைக் கேடியிடம் கேளுங்கள். 16இல் ஃபேர்வே நடுவே பிரின்சிபல்ஸ் நோஸ் என்ற மூன்று பங்கர் கூட்டம். அதற்கும் வலப்பக்க வேலிக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. கோணம் பிரமாதம், ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களே யோசித்துத்தான் போவார்கள். இடது.

14 பார் 5, ஓப்பன் நடக்கும்போது 600 யார்டுக்கு மேல். வலப்பக்கம் கற்சுவர், அதற்கு அப்பால் எல்லைக்கு வெளியே. இடப்பக்கம் பியர்டீஸ் பங்கர்கள். நடுவில் எலிசியன் ஃபீல்ட்ஸ் என்கிற தட்டையான புல்வெளி, உங்கள் டிரைவ் அங்கே விழ வேண்டும். அடுத்த அடிக்கு நேர் எதிரே ஹெல் பங்கர், ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அதைத் தாண்டுவதா, இடப்பக்கம் 5வது ஃபேர்வேக்கு ஒதுங்குவதா? எதிர்க்காற்று என்றால் ஒதுங்குங்கள். மூன்றாவது அடியிலும் ஒரு வினை இருக்கிறது: கிரீனின் முன்பக்கம் செங்குத்தான மேடு, மேலே ஏறியதும் தரை பின்னால் சரிகிறது. உயரமாகப் போட்ட பந்து பின்னால் ஓடிவிடும், குறைந்தால் காலடிக்கே திரும்பி வரும். கீழேயிருந்து பட்டரால் மேட்டில் தட்டி ஏற்றுவது பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், பலன் தரும்.

கிரீனுக்கு வெளியேயிருந்து பட்டரா? கேவலமாக இருக்காதா?

உள்ளூர்க்காரர்கள் 30, 40 யார்டிலிருந்தே பட்டரை எடுப்பார்கள். புல் அவ்வளவு ஒட்ட வளர்ந்தது, அடித்தரை கெட்டி. வெட்ஜ் தரையில் பட்டுத் துள்ளினால் பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். கேரம் போர்டில் ஓரத்தில் தட்டி எடுக்கிற மாதிரி, எந்தச் சரிவில் மோதி எங்கே திரும்பும் என்று கணக்குப் போட்டு உருட்டுவதுதான் இங்கே நளினம். மரங்களுக்கு நடுவே, தண்ணீர் ஊற்றி மெத்தென்று வைத்திருக்கிற கோர்ஸ்களில் பழகியவர்களுக்கு இது வர நேரமெடுக்கும்.

17வது ரோட் ஹோல்: ஹோட்டலுக்கு மேலே அடிக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் பெரும்பாலோர் அடித்துப் பார்க்காமல் விடுவதில்லை. 2022இல் 495 யார்டு, பார் 4. டீக்கு எதிரே வலப்பக்கம் கறுப்புக் கொட்டகை, அதன் சுவரில் ஹோட்டலின் பெயர். பழைய ரயில்வே கொட்டகைகள் இருந்த இடம் அது. கேடி "அந்த எழுத்துக்கு மேலே" என்று ஒரு எழுத்தைக் காட்டுவார், வலப்பக்க எழுத்து என்றால் தைரியம் அதிகம் என்று பொருள். நேராக இடப்பக்கம் அடித்தால் ஹோல் நீளும், நம்மைப் போன்றவர்களுக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகாது.

இரண்டாவது அடிதான் விஷயம். கிரீன் குறுக்காக, ஒடுக்கமாகக் கிடக்கிறது. முன்னால் இடப்பக்கம் ரோட் பங்கர். அதன் வாய் சின்னது, ஆனால் சுற்றியுள்ள தரை முழுக்க அதை நோக்கியே சரிகிறது. பின்னால் ஒரு சாலை, அதற்கு அப்பால் கல் சுவர். சாலையில் பந்து கிடந்தால் எடுத்து வைக்க முடியாது, கிடக்கிறபடி அடிக்க வேண்டும். 1984இல் டாம் வாட்சன் 2 அயர்னில் அடித்த பந்து கிரீனைத் தாண்டிச் சுவரோரம் போய் நின்றது. அதே நேரத்தில் முன்னால் 18இல் போட்டியாளர் செவே பாலெஸ்டெரோஸ் பேர்டி போட்டுவிட்டார், கோப்பை போயிற்று. 1978இல் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனில் ஏறி, அங்கிருந்து பட் செய்த பந்து பங்கருக்குள் உருண்டது. வெளியே வர நான்கு அடி, மொத்தம் 9. கிரீனில் நின்றபிறகும் பங்கரில் விழலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

2022இல் ஸ்மித் காட்டிய வழி எல்லோருக்கும் பொருந்தும். கொடிக்கும் அவருக்கும் நடுவில் பங்கர். அவர் வெட்ஜைத் தொடவில்லை. பட்டரை எடுத்து, பங்கரின் ஓரமாகச் சுற்றிவிட்டு மேலேற்றி, மிச்சமிருந்த பத்தடிப் பட்டைப் போட்டுப் பார் எடுத்தார். நாமும் இரண்டாவது அடியைக் கிரீனின் முன்-வலது வாசலில் விட்டுவிட்டு, அங்கிருந்து பட்டர். 5 போட்டால் நல்ல ஸ்கோர் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

18இல் ஸ்வில்கன் ஓடைப் பாலத்தில் போட்டோ எடுக்க நேரம் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள், சட்டென்று எடுங்கள், பின்னால் ஆள் வருவார்கள். 357 யார்டு. குறி, கிளப் கட்டடத்தின் கடிகாரம். வலப்பக்கம் தெரு, கடைகள், நிறுத்திய கார்கள். கிரீனின் முன்-இடது பகுதியில் "வேலி ஆஃப் சின்" என்கிற பள்ளம். குறைவாக அடித்த பந்தெல்லாம் அங்கே சேரும். 1995இல் கோஸ்டான்டினோ ரோக்கா கடைசி ஹோலில் சிப் என்கிற குட்டை அடியைச் சொதப்பி, பந்து பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்து நீளப் பட்டை நேராகக் குழிக்குள் விட்டு ஜான் டேலியைச் சமன் செய்தார். பிளேஆஃபில் டேலி வென்றார் என்பது வேறு விஷயம். இங்கேயும் ஒரு கிளப் கூடுதல், கொடியைத் தாண்டி.

டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கும் நேரம்) கிடைப்பதே பெரும்பாடாமே?

பொது மக்களுக்குச் சொந்தமான கோர்ஸ் இது. ஊரார் இங்கே விளையாடும் உரிமையை உறுதிப்படுத்திய ஆவணம் 1552இலேயே இருக்கிறது. ஆகவே வெளியூர்க்காரர் எவரும் ஆடலாம், ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்) சான்று கையில் வேண்டும். முன்பதிவு செய்யாதவர்களுக்குக் குலுக்கல் உண்டு, ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெயர் எடுப்பார்கள். ஒரே நாளை நம்பிப் போகாதீர்கள், ஊரில் மூன்று நான்கு நாள் தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். கேடிக்குத் தனியாகக் காசு, அப்புறம் டிப்ஸ். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மேலே சொன்ன பாதி விஷயம் அவர் வாயிலிருந்து வர வேண்டியது.

குலுக்கலில் பெயர் வராவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமையில் ஓல்ட் கோர்ஸில் வழக்கமாக ஆட்டம் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆடப் போகிறவருக்கும் அன்றைய நடை உபயோகம்: 18வது கிரீனிலிருந்து தலைகீழாக 1 வரை நடந்தால், டீயிலிருந்து தெரியாத பங்கர்கள் எல்லாம் முகம் காட்டும். 12வதில் கொஞ்சம் நின்று எண்ணிப் பாருங்கள். கிரீனுக்குள் கால் வைக்க வேண்டாம், பங்கருக்குள் இறங்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். கையில் பட்டர் பிடித்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்ற பட்டிங் மைதானம் இருக்கிறது, சிறு கட்டணம் கட்டினால் குழந்தைகளோடு ஆடலாம்.